சவரப் பாட்டு

டுசல்டோர்ஃபில் ஒரு மனிதர் நினைத்தபோது செத்துப்போகலாம், நினைத்தபோது எரிக்க முடியாது. அதற்கும் டெர்மின், முன்கூட்டியே குறித்த நேரம், வேண்டும். கதிர்காமநாதனுக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிடைத்தது. மண்டபம் அரை மணித்தியாலத்துக்குத்தான். ஐயர் கிரியைகளை ஓட்டமும் நடையுமாகச் செய்து முடித்தார். வெளியே கறுப்புக் கோட்டுகளோடு அடுத்த குடும்பம் காத்து நின்றது. அழுகிறவர்களும் அந்த நேரத்துக்குள்தான் அழுது முடிக்கவேண்டும். தங்கச்சி கஜந்தி பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கதறினாள். மகன் மிதுஷன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். மனைவி ஜெயமலருக்கு மட்டும் அழுகை டெர்மினுக்கு வரவில்லை.

"கல்லு மாதிரி நிக்கிறா" என்று பின்னால் யாரோ சொன்னது அவளுடைய காதில் விழுந்தது. சொன்னவரைத் திரும்பிப் பார்க்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகும் அழுகை வரவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தது, வந்த சனம் போனது, மிதுஷன் கார்ஹிங் நகரத்தில் தன் ஆராய்ச்சி வேலைக்குத் திரும்பினான். டோர்ட்முண்டில் இருந்து வந்த கஜந்தி மட்டும் முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை நிற்பதென்று தங்கிவிட்டாள். அண்ணனுக்குச் செய்யவேண்டியதில் ஒரு குறையும் வரக்கூடாது என்பது அவளுடைய பிடிவாதம். சாவுத் தீட்டான துடக்கு காக்கும் வீட்டில் விளக்கு எங்கே எரியவேண்டும், என்ன சமைக்கவேண்டும், யார் எங்கே இருக்கவேண்டும், எல்லாம் அவள் சொல்வதுதான் சட்டம். பாட்டு, தொலைக்காட்சி, சிரிப்பு மூன்றும் தடை. தன்னுடைய தொலைக்காட்சித் தொடரை மட்டும் அறைக்கதவைச் சாத்திவிட்டு, இயர்போனைக் காதுக்குள் மாட்டிக்கொண்டு கைபேசியில் பார்ப்பாள். சத்தம் வெளியே வராததால் அது கணக்கில் இல்லையாம்.

ஜெயமலர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அவளுக்கு வேறு ஒரு கவலை இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு, நாள் முழுக்க அதையே தேடிக்கொண்டிருந்தாள்.

கதிர்காமநாதன் காலையில் சவரம் செய்யும்போது பாடுவார். பாட்டுக்காரர் ஒன்றுமில்லை, தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற மனிதர். குரலும் சும்மா சொல்லக்கூடாது, தகரப் பேணியை உருட்டினது போல இருக்கும். ஆனால் ஒருநாள் தவறமாட்டார். பாடுவதும் எப்போதும் அதே பழைய சினிமாக் காதல் பாட்டு, நல்ல துள்ளல் பாட்டு. நடுவில் ஏதோ ஓர் இடத்தில் அவருக்கு வரி மறந்துபோகும். மறந்தது தெரியாமல் அப்படியே வேறொரு படத்தின் தாலாட்டுக்குள் போய்விடுவார். தாலாட்டு முடியும்போது தாடையும் வழுவழுப்பாகிவிடும்.

"காதலிக்கத் தொடங்கிறியள், பிள்ளையை நித்திரையாக்கிறதில முடிக்கிறியள்" என்று ஜெயமலர் குசினியில் இருந்து சொல்லுவாள்.

"எங்கட கதையும் அப்பிடித்தானே மலர்" என்பார் அவர், நுரைக்குள் இருந்து.

இப்போது அந்தத் தாவல் அவளுக்கு வரமாட்டேன் என்றது. இரண்டு பாட்டும் அவளுக்குத் தெரியும். கஜந்தி நித்திரையானபின், காதுக்குள் மாட்டிக்கொண்டு இரண்டையும் கைபேசியில் கேட்டும் பார்த்தாள். பாடகர்கள் அருமையாகப் பாடியிருந்தார்கள், அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. முதற்பாட்டின் எந்த வரியில் அவர் கைவிடுவார், எப்படி அதிலிருந்து இதற்குள் வருவார்? வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தாள். எந்த இடத்தில் சேர்த்தாலும் ஒட்டவில்லை. குடும்பத்தின் கைபேசிகளில் அவர் பிறந்தநாள் கேக் வெட்டினார், கலியாண வீடுகளில் கைகூப்பினார், பேரப்பிள்ளை வேண்டுமென்று மகனைப் பகிடி பண்ணினார். பாடியது ஒன்றிலும் இல்லை. குளியலறைக்குள் போய் யார் படம் பிடித்தது?

மிதுஷனிடம் தொலைபேசியில் கேட்டாள்.

"அப்பா பாடுறவர் எண்டு தெரியும் அம்மா. ஆனா நான் தலையணையால காதைப் பொத்திக்கொண்டெல்லோ படுத்திருப்பன்" என்றான் அவன். பிறகு குரல் உடைந்து, "ஏன் அம்மா கேக்கிறியள்?" என்றான்.

"ஒண்டுமில்லை, சும்மா" என்று வைத்துவிட்டாள்.

முப்பது வருடத்துக்கு மேல் ஒவ்வொரு காலையும் கேட்டதை மூன்று வாரத்தில் தொலைத்துவிட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. முகம் படத்தில் இருக்கிறது, சட்டை அலுமாரியில் இருக்கிறது, அந்த மனிதரின் விடியற்காலை மட்டும் எங்கேயும் இல்லை. அந்தத் தாவல் கிடைத்தால் அவரை ஒருமுறை வீட்டுக்குள் கூட்டிவந்தது போல இருக்கும். கிடைக்காவிட்டால் அவர் உண்மையாகவே போய்விட்டார் என்று பயந்தாள்.

இந்தத் தேடலில் அவளுக்கு இடைஞ்சலாக இருந்தது வீட்டின் அமைதி. மேல்வீடும் சத்தமில்லாமல் கிடந்தது. அது வழக்கமில்லை.

மேல்வீட்டில் இருந்தவள் டல்வா, பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் பிறந்த பியானோக்காரி. ஜெர்மன்காரரின் பழைய சாஸ்திரீய இசையைப் படிக்க இளவயதில் வந்தவள், படித்து முடித்தபின் ஜாஸ் வாசிக்கும் கூட்டத்தோடு சேர்ந்து, பிறகு தன் ஊர் வீதிகளின் ஆட்டப் பாட்டுகளையும் அதற்குள் இழுத்துவந்து, மூன்றையும் கலந்து கச்சேரி செய்கிறவள். பின்னேரங்களில் அவளுடைய பியானோ கூரைவழியே இறங்கும். தேவாலயத்தில் நிற்பதுபோல ஒரு பழைய இசை தொடங்கும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அதன் இடுப்பு வளையும், ஜாஸ் ஆகும். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏதோ கடற்கரையில் சனம் கூடி ஆடும்.

கதிர்காமநாதனுக்கு இது பிடிக்கவேயில்லை. "இது என்ன வாசிப்பு? ஒண்டையாவது ஒழுங்கா முடிக்கிறாவா? மீன், நண்டு, பலாக்கொட்டை எண்டு எல்லாத்தையும் ஒரே பானைக்குள்ள போட்டுக் கூழ் காய்ச்சிறா" என்பார்.

"கூழ் எண்டா ரெண்டு கோப்பை குடிக்கிற ஆள்தானே நீங்கள்" என்பாள் ஜெயமலர்.

ஒருநாள் பொறுக்காமல் மேலே போய்க் கேட்டேவிட்டார். ஏன் ஒன்றைத் தொடங்கி இன்னொன்றில் முடிக்கிறீர்கள் என்று. டல்வா கோபப்படவில்லை. "நீங்கள் காலையில் நினைக்கத் தொடங்கியதையா இரவு படுக்கும்வரை நினைக்கிறீர்கள்? என் விரலும் அப்படித்தான்" என்றாளாம். கீழே வந்தவர், "கதைக்கத் தெரிஞ்ச மனிசி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். அதற்குப் பிறகு பின்னேரம் பியானோ தொடங்கினால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார். கேட்டால், செய்தியில் ஒன்றும் புதிதில்லை என்பார். மாடிப்படியில் அவளைக் கண்டால் நின்று கதைப்பார். "போட்டு வாறன்" என்று தமிழில் விடைபெறப் பழக்கியதும் அவர்தான். வீட்டுக்குள் அவளுக்கு அவர் வைத்த பெயர் அல்வா.

அந்தப் பியானோதான் அவர் செத்த நாளில் இருந்து கேட்கவில்லை. வேறொரு சத்தம் கேட்டது. பின்னேரங்களில் கூரைக்குமேல் டொக், டொக்கென்று, மெதுவாக, மரத்தில் மரம் படுவதுபோல. ஜெயமலர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருப்பாள். இசை இல்லாமல் அதன் எலும்பு மட்டும் நடந்து திரிந்தது.

நாலாம் வாரம் டல்வா கதவைத் தட்டினாள். கையில் ஒரு பெரிய சட்டி நிறையக் கறுப்பு அவரைக் கறி, அவளுடைய ஊர்ச் சாப்பாடு.

"இறைச்சி போடவில்லை. உங்கள் மகனிடம் கேட்டுத்தான் சமைத்தேன்" என்றாள். இருவரும் கதைத்தது ஜெர்மன். இரண்டு பேருடைய ஜெர்மனும் ஓட்டைதான், ஆனால் ஓட்டைகள் வெவ்வேறு இடத்தில் இருந்ததால் சமாளித்துக்கொள்வார்கள்.

ஜெயமலர் அவளை இருத்தினாள். கஜந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் காவல் இருந்தாள்.

"உங்கட பியானோ கேக்கேல்லையே. பழுதோ?" என்றாள் ஜெயமலர்.

டல்வா ஆச்சரியப்பட்டாள். "மகன் சொன்னாரே. செத்த வீட்டில் முப்பத்தொரு நாள் இசை கூடாது என்று. ஒரே கூரை, நான் எப்படி வாசிப்பது? கம்பியில் சுத்தியல் படாமல் ஒரு தடுப்பைப் போட்டுவிட்டு, காதுக்குள் மாட்டிக்கொண்டு வாசிக்கிறேன். கச்சேரி வருகிறது, வாசிக்காமலும் இருக்க முடியாது."

ஆக அந்த டொக் டொக், தடுப்புப் போட்ட பியானோவின் கட்டைகளும் காலால் மிதிக்கும் மிதியும். மிதுஷன் எங்கள் வழக்கம் இப்படி என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கிறான். அந்த மனிசி மேல்வீட்டையும் சேர்த்துத் துடக்கு வீடாக்கிவிட்டாள். கீழே கஜந்தி கதவைச் சாத்திவிட்டுத் தொடர் பார்க்க, மேலே ஒரு பிரேசில்காரி துடக்குக் காக்கிறாள்.

டல்வா எழும்பினாள். வாசலில் நின்று, கதிர்காமநாதனின் படத்தைப் பார்த்து மரியாதையாகத் தலையைக் குனிந்து, "போட்டு வாறன்" என்றாள்.

கஜந்திக்கு முகம் வெளிறியது. செத்த வீட்டில் இருந்து போகிறவர் வாறன் என்று சொல்லக்கூடாது, சொல்லாமல் எழும்பிப் போகவேண்டும். திரும்பவும் இப்படி ஒரு வீட்டுக்கு வருவேன் என்று சொல்வது போலாகிவிடும். கதவு சாத்தியதுதான் தாமதம், "கேட்டனீங்களோ மச்சாள்? இனி ஆரின்ர வீட்டில என்ன நடக்கப்போகுதோ" என்று தொடங்கினாள்.

"உம்மட அண்ணை பழக்கினது கஜந்தி. அவரிட்டத்தான் சொல்லிப்போட்டுப் போறா" என்றாள் ஜெயமலர்.

அடுத்தநாள் பின்னேரம், கழுவித் துடைத்த சட்டியை எடுத்துக்கொண்டு ஜெயமலர் வாசலுக்குப் போனாள். கஜந்தி குளியலறையில் அண்ணனுடைய சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பற்தூரிகை, சவர நுரை, அந்த இரும்புக் கைபிடி வைத்த பழைய ரேசர், எல்லாம் எறிவதற்காக ஒரு பைக்குள் போய்க்கொண்டிருந்தன.

"துடக்கோட ஆரின்ர வீட்டுப் படியும் ஏறப்படாது மச்சாள். சட்டியைப் பிறகு குடுக்கலாம்" என்றாள் கஜந்தி.

"அவ எங்களுக்காகத் துடக்குக் காக்கிறா. படி ஏறினா ஒண்டும் ஆகாது" என்று சொல்லி ஜெயமலர் ஏறிவிட்டாள். அந்தத் துணிவு எங்கே இருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது.

டல்வாவின் அறையில் பாதியைப் பியானோ பிடித்திருந்தது. ஜெயமலர் சட்டியைக் கொடுத்துவிட்டு, இருக்காமல் நின்றபடியே சொன்னாள். "தடுப்பை எடுத்துப்போட்டு வாசியுங்கோ. துடக்கு எங்களுக்கு, உங்களுக்கில்லை."

"உண்மையாகவா? அவருக்கு அவமரியாதை இல்லையா?"

"அவருக்கு உங்கட கூழ் விருப்பம். வாயால சொல்லமாட்டார், அவ்வளவுதான்."

டல்வா தடுப்பை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் கையை மடியில் வைத்திருந்தாள். பிறகு அந்தப் பழைய தேவாலய இசையைத் தொடங்கினாள். ஜெயமலர் கதிரையில் அமர்ந்து கண்ணை மூடினாள். நாலு வாரமாக இறுகிக் கிடந்த தோள் கொஞ்சம் இளகியது. இசை வழக்கம்போல வளைந்தது, ஜாஸ் ஆனது. கடற்கரைச் சனம் எழும்பி ஆடியது. அந்த ஆட்டத்துக்குள் இருந்து இன்னொன்று தலையை நீட்டியது.

ஜெயமலர் கண்ணைத் திறந்தாள். அது அந்தக் காதல் பாட்டு.

முதலில் அவள் நம்பவில்லை. ஆனால் மெட்டு அதேதான். சினிமாவில் வருவதுபோலவும் இல்லை, அவர் இழுக்கும் இடத்தில் இழுத்து, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நின்றது. மூன்றாம் வரியில் அவர் எப்போதும் பிழையாக மேலே ஏற்றும் சுரம்கூட பிழையாகவே ஏறியது. ஜெயமலர் கதிரையின் கைபிடியைப் பிடித்துக்கொண்டாள். தாவும் இடம் வரப்போகிறது, வரப்போகிறது என்று மனம் அடித்துக்கொண்டது.

டல்வா கையை எடுத்தாள். வலது கையின் விரல் மொளியால் பியானோவின் மரத்தில் மூன்று தரம் தட்டினாள். டக், டக், டக். தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, தாலாட்டுக்குள் இறங்கினாள்.

ரேசர். நுரை அடைத்த ரேசரை அவர் முகம் கழுவும் பேசினில் தட்டும் சத்தம். தட்டுவதற்காகப் பாட்டை நிறுத்துவார். தட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி மறந்துபோயிருக்கும். வாய்க்கு வந்த தாலாட்டை எடுத்துக்கொண்டு தொடருவார். பாட்டுக்குள் போட்டுத் தேடினாளே, பாட்டுக்குள் எப்படிக் கிடைக்கும்? குசினியில் தண்ணி கொதிக்கும் சத்தத்துக்கு நடுவில் நின்று கேட்டவளுக்கு அந்தத் தட்டல் பாட்டோடு சேர்ந்ததாகத் தெரியவேயில்லை. அவளுக்கு அது வெறும் சவரச் சத்தம்.

அழுகை வந்தது. டெர்மின் இல்லாமல், மண்டபம் இல்லாமல், வெளியே யாரும் காத்து நிற்காமல் வந்தது. "என்ர ஐயோ" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு, யாழ்ப்பாணத்துப் பெண் செத்த வீட்டில் அழுகிற அழுகையை டுசல்டோர்ஃபின் மூன்றாம் மாடியில் இருந்து அழுதாள். டல்வா வாசிப்பை நிறுத்தப் பார்த்தாள். ஜெயமலர் நிறுத்தாதே என்று கையைக் காட்டினாள். தாலாட்டு முடியும்வரை ஒருத்தி வாசித்தாள், மற்றவள் அழுதாள்.

ஓய்ந்தபின் டல்வா தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"குளியலறையின் காற்றுத் துவாரம் கீழிருந்து மேலே ஒன்றுதான்" என்றாள். "காலையில் கோப்பி குடித்துக்கொண்டு அந்தக் கதவைத் திறந்து வைத்திருப்பேன். எத்தனையோ வருடம். எனக்குத் தெரிந்த பாட்டுகளில் இது அற்புதமானது. ஒருவன் காதலில் துள்ளுகிறான், கதவை யாரோ மூன்று தரம் தட்டுகிறார்கள், திறந்தால் தொட்டிலில் பிள்ளை. இப்படிச் சேர்க்க எனக்கு வராது. கச்சேரியில் வாசித்து, அவரை முன்வரிசையில் இருத்தி ஆச்சரியப்படுத்த நினைத்தேன். எழுதியவரின் பெயர் சொல்லவேண்டும். அவரிடம் கேட்க நினைத்து நினைத்துப் பிந்திவிட்டேன். இந்தப் பாட்டை எழுதியது யார்?"

ஜெயமலருக்கு அழுத முகத்தோடேயே சிரிப்பு வந்தது. இது ஒரு பாட்டில்லை, இரண்டு. இரண்டுக்கும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு படம், நடுவில் ஒரு மனிதரின் மறதி. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். பிறகு யோசித்தாள். அந்த இரண்டு பேரும் இதை எழுதவில்லை. கூழுக்குள் போட்டதெல்லாம் வேறு யாரோ பிடித்ததும் பறித்ததும்தான், காய்ச்சியவரைத்தானே ஆட்கள் கேட்பார்கள்.

"ரெண்டு பாட்டும் பழைய சினிமாப் பாட்டு, அந்த ஆக்களின்ர பேரை நான் எழுதித் தாறன்" என்றாள். "ஆனா அதுகளைச் சேர்த்தது கதிர்காமநாதன். என்ர மனிசன். அதையும் சொல்லுங்கோ."

டல்வா அந்தப் பெயரைச் சொல்லிப் பழகினாள். நாக்கு நடுவில் இடறியது. திரும்பத் தொடங்கினாள்.

கீழே கஜந்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். மேலே இருந்து வந்த கலவையான சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கவில்லை. பியானோவும் அழுகையும் மட்டும் விளங்கியது. "துடக்கு வீட்டுக்காரி பாட்டுக் கேக்கப் போனவ எண்டு சனம் அறிஞ்சா அண்ணைக்குத்தான் மரியாதை இல்லை" என்றாள். ஜெயமலருக்கு வயிறு பசித்தது, மிச்சமிருந்த அவரையைச் சூடாக்கிச் சோற்றோடு சாப்பிட்டாள். செத்த வீடு தொடங்கியபின் அன்றைக்குத்தான் ருசி தெரிந்தது.

அடுத்தநாள் காலை ஜெயமலர் குளியலறைக்குள் போனாள். எறிவதற்கு மூலையில் வைத்திருந்த பையைப் பிரித்து ரேசரை எடுத்தாள். கைபிடியில் அவருடைய பெருவிரல் படும் இடம் மட்டும் மினுங்கியது. மேலே காற்றுத் துவாரத்தைப் பார்த்தாள். பாடலாமா என்று நினைத்தாள், வெட்கமாக இருந்தது. பேசின் ஓரத்தில் ரேசரால் தட்டினாள். டக், டக், டக்.

ஒன்றும் கேட்கவில்லை. மேலே ஏதோ கதிரை இழுபடும் சத்தம் மட்டும் வந்தது.

பிறகு துவாரத்தின் வழியே, தூரத்தில் யாரோ பாடுவதுபோல, தாலாட்டு இறங்கியது. அவர் தொடங்கும் அதே இடத்தில் தொடங்கி, அவருடைய அவசரத்தோடு, தாடை வழுவழுப்பாகும்வரை போகும் அதே அளவுக்குப் போனது. ஜெயமலர் பேசினைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள்.

கதவுக்கு வெளியே கஜந்தியின் காலடி விரைந்து வந்து நின்றது. "என்ன சத்தம் மச்சாள்? உள்ளுக்கு என்ன செய்யிறியள்?"

தாலாட்டு முடிந்தது. கதவில் ஏதோ சாய்வதுபோல மரம் மெல்ல முனகியது. அண்ணனோடு ஒரே வீட்டில் வளர்ந்து, இந்தப் பாட்டைக் கேட்டே பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட தங்கச்சி அவள் என்பது ஜெயமலருக்கு அப்போதுதான் நினைவில் வந்தது.

கஜந்தி மூக்கை உறிஞ்சினாள்.

"மச்சாள்" என்றாள் மெதுவாக. "இன்னொருக்காத் தட்டுங்கோ."